தமனிக்கு மருந்து, கல்லீரலுக்கு வினை

எலிக்கு மாரடைப்பு வருவது அபூர்வம். கொழுப்பை அள்ளிப் போட்டாலும் அதன் ரத்தக்குழாய் லேசில் அடைபடாது. நம் ரத்தத்தில் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியைச் சுமப்பவை எல்.டி.எல். துகள்கள், எலியின் ரத்தத்திலோ எச்.டி.எல். துகள்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொலஸ்ட்ராலை மாற்றிவிடும் சி.இ.டி.பி. என்ற புரதமும் எலிக்குக் கிடையாது. நோயே வராத பிராணியிடம் எந்த மருந்தைச் சோதிப்பது?

1992-இல் இதற்கு வழி பிறந்தது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரெஸ்லோ குழுவும், வட கரோலினாவில் நோபுயோ மயேடா குழுவும் தனித்தனியே அபோ-ஈ மரபணுவை முடக்கிய எலிகளை உருவாக்கின. (மரபணுவைக் குறிவைத்து மாற்றும் நுட்பத்துக்காக 2007-இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான ஆலிவர் ஸ்மிதிஸ், மயேடாவின் கணவர்.) ரத்தத்தில் மிதக்கும் கொழுப்புத் துகள்களைக் கல்லீரல் பிடித்து உள்ளிழுக்க அபோ-ஈ புரதம் வேண்டும். அது இல்லாத எலிக்குச் சாதாரணத் தீனியிலேயே கொலஸ்ட்ரால் பல மடங்கு ஏறி, மகாதமனியில் கொழுப்புத் திட்டுகள் படிகின்றன. ரத்தக்குழாய் அடைப்புக்கு மருந்து தேடுபவர்களின் கூண்டுகளில் இன்றும் இருப்பது பெரும்பாலும் இந்த எலியோ, எல்.டி.எல். ஏற்பியை இழந்த அதன் சகோதர இனமோதான்.

இந்த எலிகளிடம் ஜெயித்த மருந்துகளில் எனக்கு மிகவும் சுவையாகப் படுவது எல்.எக்ஸ்.ஆர். கதை. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் மிஞ்சும்போது அதை உணரும் புரதம் இது. தமனிச் சுவரில் கொழுப்பை விழுங்கி உப்பிக் கிடக்கும் வெள்ளணுக்களில் இதைத் தூண்டிவிட்டால், அவை கொலஸ்ட்ராலை வெளியே தள்ளத் தொடங்கும். கலிஃபோர்னியாவில் பீட்டர் டான்டனாஸ் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இதைத் தூண்டும் மருந்து கொடுத்த எலிகளின் தமனித் திட்டுகள் கணிசமாகக் குறைந்திருந்தன.

சிக்கல் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. கல்லீரலில் எல்.எக்ஸ்.ஆர். வேறொரு வேலையையும் செய்கிறது: புதிதாகக் கொழுப்பு அமிலம் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ஒரே சுவிட்சில் மின்விசிறியையும் ஹீட்டரையும் இணைத்துவிட்ட மாதிரி. 2000-இல் வெளியான ஆய்விலேயே, இதே வகை மருந்தால் எலிகளின் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு எகிறியது. கல்லீரலிலும் கொழுப்பு குவிவதை அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. தமனி நோயைத் தணிக்கப் போய், ஃபேட்டி லிவரை வரவழைத்துக்கொண்ட கதை.

வேதியியலாளர்கள் சளைக்கவில்லை. எல்.எக்ஸ்.ஆரில் ஆல்ஃபா, பீட்டா என இரு வகை உண்டு. கல்லீரலில் கொழுப்பு சேர முக்கியக் காரணம் ஆல்ஃபா. எனவே பீட்டாவை மட்டும் குறிவைத்து பிஎம்எஸ்-852927 என்ற மருந்தை உருவாக்கினார்கள். எலியிலும் குரங்கிலும் நல்ல முடிவுகள். மனிதர்களுக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ராலை வெளியேற்றும் பாதை எதிர்பார்த்தபடியே விழித்தது. ஆனால் ரத்தத்திலும் கல்லீரலிலும் ட்ரைகிளிசரைடு கூடியது, எல்.டி.எல். ஏறியது, நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் குறைந்தன. இந்த முடிவுகள் 2016-இல் வெளியாயின. சி.இ.டி.பி.யின் அளவும் மனிதர்களிடம் உயர்ந்திருந்தது. அது அறவே இல்லாத எலி இந்த ஆபத்தை எப்படிக் காட்டும்?

இங்கே எலியைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. கல்லீரல் கொழுக்கும் என்று அது முதலிலேயே சொன்னது. தமனிப் படத்தை மட்டும் பார்த்து 'எலிகளில் வெற்றி' என்று தலைப்பிடும் செய்திகள்தான் பாதியை மறைக்கின்றன. அப்படியொரு செய்தியைப் படித்தால் நான் முதலில் தேடுவது, கல்லீரலைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்பதை.

தமனி, கல்லீரல் இரண்டுக்கும் ஒருசேர இதமளிக்கக்கூடிய பாதையும் உண்டு. தைராய்டு ஹார்மோனின் பீட்டா ஏற்பி கல்லீரலில் மிகுதி. அதைத் தூண்டினால் கல்லீரல் தன் கொழுப்பை எரிக்கிறது, ரத்தத்தின் எல்.டி.எல்.லும் இறங்குகிறது. இவ்வழியில் வந்த ரெஸ்மெடிரோமுக்கு அமெரிக்காவில் மார்ச் 2024-இல் அனுமதி கிடைத்தது. கொழுப்போடு அழற்சியும் தழும்பும் சேர்ந்துவிட்ட கல்லீரலுக்கு அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். 966 பேரிடம் நடந்த சோதனையில், 100 மில்லிகிராம் மாத்திரையை ஓராண்டு எடுத்தவர்களில் சுமார் 30 சதவீதத்தினருக்குக் கல்லீரல் அழற்சி தீர்ந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது சுமார் 10 சதவீதம். 100 மில்லிகிராம் எடுத்தவர்களின் எல்.டி.எல். சுமார் 16 சதவீதம் குறைந்தது. மாரடைப்பு குறைகிறதா என்பது இனி மனிதர்களிடம் பார்க்க வேண்டியது.