தவறைக் கேட்ட குழந்தை

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கியபோது மதிப்பீட்டைக் கைப்பேசிச் செயலியில் நடத்தினோம். எந்த விடை தவறு என்பதை மதிப்பீடு காட்டும். ஏன் தவறு என்பதைக் குழந்தைதான் சொல்ல வேண்டும்.

வேங்கிக்காலில் என் மூன்றாம் வகுப்பு மாணவி, கிரிவலத்துக்கு வந்த 52 பேருந்துகளில் 27 புறப்பட்டால் மீதி 35 என்றாள். எப்படிச் செய்தாய் என்று கேட்டு, அவள் சொன்னதைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு.” பதிவை அவளையே கேட்கச் செய்தேன். “டீச்சர், ரெண்டுல இருந்துதானே ஏழு போகணும்?” என்றாள். பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்தோம். விடை 25.

மதிப்பெண்ணை மட்டும் சொல்லியிருந்தால் இதே தவறு அடுத்த கணக்கிலும் தொடர்ந்திருக்கும். வாரம் இரு குழந்தைகளின் விளக்கத்தையாவது பதிவு செய்து கேளுங்கள், பிறகு அழித்துவிடுங்கள்.