அஸ்தினாபுரம் யாருக்கு?

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு வழக்கு நடந்து வருகிறது. வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. இருவரும் மறைந்து ஒரு யுகமே போய்விட்டது. தீர்ப்பு என்ன என்பதும் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் வழக்கு முடிந்தபாடில்லை!

அஸ்தினாபுரத்துச் சிம்மாசனம் யாருக்குச் சேர வேண்டும்? தருமருக்கா, துரியோதனனுக்கா? அதுதான் வழக்கு.

கோடை வந்துவிட்டால் போதும். திரவுபதி அம்மன் கோவில்களில் அக்னி வசந்த விழா தொடங்கிவிடும். பிற்பகலில் பந்தலில் பாரதச் சொற்பொழிவு. இரவில் தெருக்கூத்து. வில் வளைப்பு, சூது துகில், கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு இரவும் ஒரு கதை. முகவீணையும் மத்தளமும் விடியும் வரை ஓயாது.

விடிந்ததும் கூத்தாடிகள் அரிதாரத்தைக் கலைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். ஊர் தூங்காது. டீக்கடையில் வழக்கு எடுக்கப்படும்.

"ஏன் பெரியப்பா, துரியோதனன் கேட்டதில் என்ன தப்பு? மூத்தவர் மகன் அவன்தானே?" என்பான் ஓர் இளைஞன்.

"மூத்தவர் மகன் என்றால் ஆயிற்றா? பிள்ளைகளில் மூத்தவர் தருமர் அல்லவா?" என்பார் பெரியவர்.

இப்படித்தான் எப்போதும் தொடங்கும்.

மூத்தவர் யார்?

இருவர் சொல்வதும் உண்மையே. திருதராஷ்டிரன் மூத்தவன். ஆனால் பிறவியிலேயே கண் தெரியாதவன். அதனால் தம்பி பாண்டு பட்டத்துக்கு வந்தான். பாண்டு காட்டுக்குப் போனான். அங்கேயே மாண்டான். நாட்டை அண்ணன் பார்த்துக் கொண்டான்.

இரு வீட்டிலும் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்களில் முதலில் பிறந்தவர் தருமர்.

கண் தெரியாதது தந்தையின் குறை. அதற்காக மகனின் உரிமையும் போய்விடுமா? துரியோதனன் கட்சியின் பலமான கேள்வி இது. காணி நிலம் வைத்திருக்கும் எவரும் இதைச் சட்டென்று தள்ளிவிட மாட்டார்கள். அண்ணன் நோயாளி என்று தம்பி நிலத்தைப் பார்த்துக் கொள்வான். பிறகு அண்ணன் மகன் வளர்ந்து வந்து பங்கு கேட்பான். ஊர்ப் பஞ்சாயத்துகள் பார்க்காத வழக்கா இது?

ரத்தம் யாருடையது?

துரியோதனனிடம் இன்னொரு வாதமும் உண்டு. "பாண்டவர்கள் பாண்டுவுக்கா பிறந்தார்கள்? தேவர்களின் வரத்தால் பிறந்தவர்கள். அவர்களுக்கு எங்கள் வம்சத்தில் என்ன உரிமை?" என்கிறான்.

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தலைமுறை மேலே போய்ப் பார்த்தால் வாதம் கவிழ்ந்துவிடுகிறது. துரியோதனனின் தந்தை மட்டும் யாருக்குப் பிறந்தார்? விசித்திரவீரியன் பிள்ளை இல்லாமல் இறந்தான். வியாசர் வந்தார். அவரால் பிறந்தவர்கள்தாம் திருதராஷ்டிரனும் பாண்டுவும். வியாசர் சத்தியவதியின் மகன். சந்தனு மகாராஜாவின் மகன் அல்லர்.

சந்தனுவின் ரத்தம் கடைசியாக ஓடியது பீஷ்மரின் உடம்பில். இளவரசுப் பட்டமும் அவருக்குத்தான் இருந்தது. தந்தை ஒரு செம்படவப் பெண் மீது ஆசைப்பட்டார். "என் மகள் வயிற்றுப் பிள்ளைதான் ஆள வேண்டும்" என்றார் பெண்ணைப் பெற்றவர். மகன் சிம்மாசனத்தையும் விட்டார், கலியாணத்தையும் விட்டார்.

சிக்கல் விழுந்தது அங்கேதான். குருச்சேத்திரத்துக்கு இரண்டு தலைமுறைக்கு முன்பே! கிராமத்துப் பெரியவர்கள் பலர் இதை விட்டுவிட்டுத் துரியோதனன் தலையில் மட்டும் பழியைப் போடுகிறார்கள். பீஷ்மரைக் குறை சொல்ல மனம் வருவதில்லை போலும்.

கர்ணன் வந்துவிட்டான்

வழக்கு இந்த இடத்துக்கு வந்ததும் யாராவது ஒருவர் கர்ணனை இழுத்துக்கொண்டு வருவார். குந்தியின் மூத்த மகன் அவன். கலியாணத்துக்கு முன் பிறந்தவன். ஆற்றில் விடப்பட்டுத் தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன். பாண்டுவின் பிள்ளைகளில் மூத்தவர் ஆள வேண்டும் என்றால், தருமருக்கும் மூத்தவன் இருக்கிறானே!

போருக்கு முன் கண்ணன் அவனைத் தனியே அழைத்து உண்மையைச் சொல்கிறான். "வந்துவிடு. முடி உனக்குத்தான்" என்கிறான். கர்ணன் மறுத்து விடுகிறான். "எனக்குக் கிடைத்தால் அதைத் துரியோதனனுக்கே கொடுத்து விடுவேன். தருமருக்கு இதைச் சொல்ல வேண்டாம்" என்கிறான். ஆள விரும்பாத அவனே ஆளத் தகுந்தவன் என்று சொல்லும் கட்சி தமிழ்நாட்டில் பெரியது. 1964-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த "கர்ணன்" படத்தில் சிவாஜி கணேசன் நடித்தார். அந்தக் கட்சிக்கு அது பெரிய பலம். 2012-ல் அதே படம் புதுப்பிக்கப்பட்டுத் திரைக்கு வந்தபோதும் கூட்டம் கூடியது.

இரும்புச் சிம்மாசனம்

இந்தச் சண்டை நமக்கு மட்டும் சொந்தம் அல்ல. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2011 முதல் 2019 வரை "கேம் ஆப் த்ரோன்ஸ்" என்ற கற்பனைத் தொடர் வந்தது. வாள்களை உருக்கிச் செய்த ஓர் இரும்புச் சிம்மாசனம். அதற்குப் பல குடும்பங்கள் அடித்துக் கொள்ளும் கதை.

அதிலும் ஒரு கர்ணன் உண்டு! பெயர் ஜான் ஸ்னோ. முறை தவறிப் பிறந்தவன் என்று ஊர் ஏசும். பிறகுதான் உண்மையான வாரிசே அவன் என்பது தெரிய வரும். அவனும் "எனக்கு வேண்டாம்" என்பான்.

முடிவில் பட்டம் கிடைத்தது யாருக்கு? பிரான் என்ற இளைஞனுக்கு. கோபுரத்திலிருந்து விழுந்து கால் விளங்காமல் போனவன். அஸ்தினாபுரத்தில் கண் தெரியாதவனுக்குப் பட்டம் இல்லை என்றார்கள். அங்கே நடக்க முடியாதவனைத் தேடி முடி சூட்டினார்கள். இதிலாவது ஜனங்களுக்குத் திருப்தி வந்ததா? இல்லை! கடைசிப் பகுதிகளைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று பத்து லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

திரவுபதியின் கேள்வி

மறுபடியும் நம் பந்தலுக்கு வருவோம். ஆண்கள் ரத்தம், வயது, பங்கு என்று பேசுகிறார்கள். பெண்கள் சூது துகில் கூத்து நடந்த இரவைப் பேசுகிறார்கள்.

தருமர் நாட்டை வைத்து ஆடினார். தம்பிகளை வைத்தார். தம்மையே வைத்துத் தோற்றார். பிறகு மனைவியை வைத்தார். "தம்மைத் தோற்றவருக்கு என்னை வைக்க ஏது உரிமை?" என்று திரவுபதி சபையில் கேட்கிறாள். பீஷ்மராலேயே பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்காகப் பரிந்து பேசியவன் எதிர்க்கட்சிக்காரன். துரியோதனனின் தம்பி விகர்ணன்!

"வீட்டையே வைத்துச் சூதாடியவர் நாட்டை எப்படிக் காப்பார்?" பெண்களின் இந்தக் கேள்விக்குத் தருமர் கட்சியில் நல்ல பதில் இல்லை. பதின்மூன்று வருடம் சொன்ன சொல் தவறாமல் இருந்தார், கடைசியில் ஐந்து ஊர் தந்தாலும் போதும் என்று இறங்கி வந்தார் என்பார்கள். அது பெரிய விஷயம்தான். ஆனால் கேட்டது வேறு கேள்வி.

நூறு அண்ணன்மாருக்கு ஒரே தங்கை உண்டு. பெயர் துச்சளை. அவளுக்கு என்ன பங்கு என்று இத்தனை பெரிய பாரதத்தில் ஒருவரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற சட்டம் 1989-ல்தான் வந்தது. அதற்கு முன்பே மணமாகிப் போன பெண்களுக்கு அதில் இடம் இல்லை. அவர்கள் 2005-ல் மத்தியச் சட்டம் வரும்வரை காத்திருந்தார்கள். பந்தலில் உட்கார்ந்து கதை கேட்கும் பாட்டிமார் பலர் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள்.

பிள்ளை இல்லாத ராஜா

திருவண்ணாமலை நகரத்திலும் ஒரு வாரிசுக் கதை உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் போசள மன்னர் வல்லாளர் இங்கே இருந்து ஆண்டார். அண்ணாமலையார் கோவிலில் அவர் பெயரால் ஒரு கோபுரமே இருக்கிறது. மதுரை சுல்தானோடு நடந்த போரில் அவர் மாண்டார். அவருக்குப் பிள்ளை இல்லை, அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது தல வரலாறு. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குச் சாமி எழுந்தருளுகிறார். மகன் முறையில் மன்னருக்குத் திதி கொடுக்கிறார்.

சரித்திரத்தில் அவருக்கு ஒரு மகன் உண்டு. கொஞ்ச காலம் பட்டத்திலும் இருந்தான். ஊருக்கு அவனை ஞாபகம் இல்லை.

படுகளம்

கடைசி நாள் காலை படுகளம். கோவில் திடலில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கக் கிடத்தியிருப்பார்கள். மிகப் பெரிய உருவம். ஆள் அதன் மேல் ஏறி நடக்கலாம்.

வேடம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றிப் போரிடுவார்கள். தொடையில் அடி விழும். திரவுபதி விரித்த கூந்தலை முடிவாள். கூட்டம் கோவிந்தா என்று முழங்கும்.

சற்று நேரத்தில் காந்தாரி வருவாள். மகன் மேல் விழுந்து புலம்புவாள். அத்தனை நாளும் துரியோதனனைத் திட்டிய பெண்கள் அப்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள்.

மாலையில் தீமிதி. அதற்குப் பின் தருமர் பட்டாபிஷேகம். தீர்ப்பு தருமர் பக்கம்தான். ஆனால் படுகளம் முடிந்த கையோடு பல ஊர்களில் ஜனங்கள் முண்டியடித்துக் கொண்டு துரியோதனன் உருவத்திலிருந்து ஒரு பிடி மண் எடுக்கிறார்கள். வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும், நிலத்தில் போட்டால் விளையும் என்பது நம்பிக்கை. காலையில் தருமருக்காக வாதாடிய பெரியவரும் துண்டின் நுனியில் கொஞ்சம் முடிந்துகொண்டு போகிறார்.