நல்ல தண்ணியில் குளோரின் வாடை: பயப்படணுமா?

கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணி என்றால் தனிப் பெருமை. ஆனால், சில நாள் குழாயைத் திறந்ததுமே பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறும். ‘இதைக் குடிச்சா கேன்சர் வருமாமே?’ என்ற கேள்வியும் கூடவே வரும். உண்மை என்ன?

குளோரின் எதற்கு?

காலரா, டைபாய்டு கிருமிகளைக் கொல்லத்தான். சுத்திகரிப்பு நிலையத்தில் கலக்கும் குளோரினில் கொஞ்சம் மிஞ்சி நின்றால்தான், வழியில் குழாய்க்குள் கிருமி புகுந்தாலும் அது காவல் காக்கும். வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500).

பிறகு என்ன சிக்கல்?

சிறுவாணி, பில்லூர் இரண்டுமே மலைக்காட்டு நீர். மழைக்காலத்தில் மட்கிய இலை, சருகின் சாறு அணையில் கலக்கும். இந்தக் கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உள்ளிட்ட ‘டிரைஹாலோமீத்தேன்’ வேதிப்பொருட்கள் உருவாகும். நெதர்லாந்து வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக் 1974-இல் இதை வெளிப்படுத்தினார். குளோரோஃபார்மை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் வைத்திருக்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. பல வருடம் அதிக அளவில் குடிப்பதுதான் கவலை. அதனால்தான் குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று நம் நாட்டுத் தரம் வரம்பு போட்டிருக்கிறது.

வாடையை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. மூக்கில் ஏறுவது மிஞ்சியிருக்கும் குளோரின். தண்ணீர் குழாயில் போகப் போக குளோரின் குறையும், டிரைஹாலோமீத்தேன் கூடும். வாடையே இல்லாத கடைக்கோடித் தெருவில்தான் அது அதிகமாக இருக்கலாம். ஆய்வகப் பரிசோதனை ஒன்றே வழி.

எப்படிக் குறைப்பது?

குளோரினை நிறுத்துவது தீர்வல்ல. கரிமப் பொருளை முதலில் எடுத்துவிட வேண்டும். படிகாரம் போட்டுக் கசடைப் படியவைத்து, மணல் வடிகட்டியில் விட்டு, அதன் பிறகு குளோரின் கலந்தால் துணைப்பொருள் குறையும். கலங்கலாக இருக்கும்போதே அதிகக் குளோரினைக் கொட்டினால் கூடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

சில நாளுக்கு ஒருமுறை தண்ணி வரும் பகுதிகளில் சம்ப்பில் பிடித்து வைப்பது வழக்கம். அடியில் சேறு கிடக்க, மேலே பிளீச்சிங் பவுடர் தூவினால் அதே வேதிவினை வீட்டிலும் நடக்கும். முதலில் சம்ப்பைக் கழுவுங்க. குளோரோஃபார்ம் எளிதில் ஆவியாகும். மூடாமல், ஜன்னலைத் திறந்து வைத்துச் சில நிமிடம் கொதிக்க வைத்தால் பெருமளவு போய்விடும். கார்பன் ஃபில்டரும் பிடித்துக்கொள்ளும், நேரத்துக்கு மாற்றினால் மட்டும்.

துணைப்பொருளுக்குப் பயந்து கிருமி நீக்கத்தில் சமரசம் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குளோரின் இல்லாத கலங்கல் தண்ணி இரண்டே நாளில் குழந்தையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். அதனால் ‘குளோரின் ஏன் போடறீங்க?’ என்று கேட்பதைவிட, ‘டிரைஹாலோமீத்தேன் டெஸ்ட் எடுத்தீங்களா, ரிசல்ட் எங்கே?’ என்று மாநகராட்சியிடம் கேட்பதே சரியான கேள்வி.