ஓடை பொங்கும் முன் சொல்லுமா சில நூறு ரூபாய் சென்சார்?

2011 நவம்பர் மழையில் திருப்பூர் ஜம்மனை ஓடை பொங்கி, கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்களும் போயின. பல்லடத்திலிருந்து நைட் ஷிஃப்டுக்கு பைக்கில் வருபவருக்கு, வழியில் ஓடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது பக்கத்தில் போனால்தான் தெரியும்.

காரின் ரிவர்ஸ் சென்சார் நுட்பம் இதற்கு உதவும். தண்ணீருக்கு மேலே கீழ்நோக்கிப் பொருத்தினால், காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். நேரம் குறைந்தால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். விலை சில நூறு ரூபாய்தான். நியூயார்க்கின் 'ஃப்ளட்நெட்' திட்டமும் தெருக்களில் இதே முறையில்தான் வெள்ளத்தை அளக்கிறது.

ஆனால் வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு சுமார் 343 மீட்டர். 35 டிகிரியில் 352. இதைத் திருத்தாவிட்டால் 3 மீட்டருக்கு 8 செ.மீ. வரை பிசகும். கூடவே வெப்பநிலை சென்சாரும் வேண்டும்.

இன்னொரு சிக்கல்தான் பெரியது. மலிவான சென்சார்கள் பலவற்றுக்கு சுமார் 20 செ.மீ.க்குள் இருப்பது தெரியாது. பாலத்துக்கு அடியில் மாட்டினால், வெள்ளம் பாலத்தைத் தொடும் நேரத்தில் சரியாகக் கண்ணை மூடிக்கொள்ளும்! கைப்பிடிச் சுவருக்கு மேலே கம்பம் நட்டுத்தான் மாட்ட வேண்டும்.

ஊருக்குள் மட்டும் வைத்தால் தகவல் தாமதமாகத்தான் வரும். ஓடையின் மேல்பகுதியிலும் வேண்டும். அங்கே செல்போன் சிக்னல் இல்லாவிட்டால் 'லோரா' ரேடியோ சில கிலோமீட்டர் தாண்டித் தகவல் சேர்க்கும். கரையில் ஒரு சைரனும் அவசியம். ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவர் போனை சைலன்ட்டில்தானே வைத்திருப்பார்.