குப்பைக்கு இடும் தீ: அபராதம் யாருக்கு, கடமை யாருக்கு?

கறம்பக்குடி போன்ற பேரூராட்சிகளில் குப்பை எரியும்போது, தீ வைத்தவர் யார் என்றே முதலில் தேடுகிறார்கள். எரிக்கும் நிலையை உண்டாக்கியவர் யார் என்று நாம் கேட்க வேண்டும்.

திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடைசெய்தன. அவ்வாண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், எரிப்பவர் 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்பவர் 25,000 ரூபாயும் சுற்றுச்சூழல் இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்றது. மனித உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் தீயை அலட்சியமாகக் கையாள்வது, பாரதிய நியாய சன்ஹிதா 287ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம்.

அதே 2016 விதிகள் உள்ளாட்சிக்கும் கடமைகளை வகுத்தன. வீடுதோறும் குப்பை சேகரித்தல், கூட்டிய சருகை எரிக்காமல் தனியே சேமித்து ஒப்படைக்கப் பணியாளர்களை அறிவுறுத்தல், அவர்களுக்குக் கையுறை, முகக்கவசம், காலணி கிடைக்கச் செய்தல் ஆகியவை அவை. வண்டியும் இடமும் தராமல் 'எரிக்காதே' என்று மட்டும் சொல்வது, பெரும்பாலும் தலித்துகளான தூய்மைப் பணியாளர்கள் மீது பழியைச் சுமத்துவதாகும்.

ஊர்க் குப்பை சேரியருகே குவிந்தால், கூரை வீடுகளுக்கு ஒரு பொறி போதும். பட்டியல் சாதியினரைத் துன்புறுத்தவோ அவமதிக்கவோ பிற சாதியினர் அவர்களது வாழிடத்தருகே கழிவைக் கொட்டுவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(சி) பிரிவின்கீழ் குற்றம்.

எனவே நாள், இடம், புகைப்படத்துடன் செயல் அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் அளிப்போம், ஒப்புகை பெறுவோம். எத்தனை வண்டிகள், எத்தனை கையுறைகள் வழங்கப்பட்டன எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்போம்.