பி.ஏ. இங்கிலீஷ்: மாமாக்கள் கேட்கும் கேள்வி

பி.ஏ. முதல் வருடத் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமா ஒரு கடிதத்தை நீட்டினார். டிராக்டர் கடன் தொடர்பாக வங்கியிலிருந்து வந்தது. "ஏ மருமவனே, நீதான் இங்கிலீசே படிக்கியே, என்னமோ மிரட்டுத மாதிரி எழுதியிருக்கான். என்னன்னு பாரு."

நாலு மாதமாக சாசரும் ஷேக்ஸ்பியருமாக இருந்தவன், இரண்டாவது வரியில் 'ஹைப்பாதிகேஷன்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நின்றேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு டிராக்டர் ஷோரூமில் வேலை பார்த்த பெரியப்பா மகன்தான் கைகொடுத்தான். "ஆர்.சி. புக்குல போட்டிருக்குமே மாமா. வண்டி நம்மகிட்ட இருக்கும். கடன் தீர்ற வரைக்கும் பாங்குக்கு அடமானம்." மாமா கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார். "பீசு கட்டி என்னத்தல சொல்லிக் குடுக்காவ?"

நியாயமான கேள்விதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் கலைக் கல்லூரி வாசல்களில் நிற்கும் பெற்றோர் பலர், 'இங்கிலீஷ் எடுத்தால் இங்கிலீஷ் வரும், இங்கிலீஷ் வந்தால் வேலை வரும்' என்று நம்பித்தான் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. அது பேச்சுப் பயிற்சி வகுப்பு அல்ல, இலக்கியப் படிப்பு. பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவரிடம், அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலக் கவிதையைக் கொடுத்தால் என்ன செய்வார்? பேராசிரியர் 'மேக்பெத்' கதையைத் தமிழில் சொல்வார். அதை நான் கேலி செய்ய மாட்டேன். மூன்று சூனியக்காரிகளையும் எங்கள் ஊர்க் குறிசொல்லிகளாக்கி எங்கள் பேராசிரியர் சொன்ன கதை இன்னும் மறக்கவில்லை. கெடுதல் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. கதை தெரிந்துவிட்டது, கைடு கடையில் கிடைக்கிறது, பிறகு நாடகத்தை எதற்குப் படிக்க வேண்டும்? ஒரு நாடகத்தைக்கூட முழுசாகப் படிக்காமல் இங்கிலீஷ் லிட்டரேச்சரில் முதல் வகுப்பு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் வேலை கிடைக்காமல் அலைகிறார்கள்.

இந்தப் பாடம் இங்கே வந்த கதையே விசித்திரமானது. 1835-ல் மெக்காலே இங்கே ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று தன் குறிப்பை எழுதினார். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பட்டப்படிப்பாக ஏற்க ஆக்ஸ்போர்டுக்கு 1890-கள் வரை ஆனது. அதற்கு வெகு முன்பே நம் ஊர்ப் பையன்கள் ஷேக்ஸ்பியரைப் படித்துத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது உத்தியோகஸ்தர்கள். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம்பிள்ளை, உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்து 1887-ல் கலித்தொகையைப் பதிப்பித்தார். மெக்காலேயின் கணக்கில் இது இருந்திருக்காது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் எல்லோர் வாயிலும் வருவது ஆசிரியர் வேலை. அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. தமிழகக் கல்லூரிகளில் இயற்பியல் படித்தாலும் வரலாறு படித்தாலும் 'பார்ட் டூ' ஆங்கிலம் எழுதியே ஆக வேண்டும். அதனால் கலைக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைக்கு நாற்காலிகள் நிறைய வேண்டும். பொறியியல் கல்லூரியிலும் கம்யூனிகேஷன் பாடத்துக்கு ஆள் வேண்டும். பள்ளிக்குப் போவதென்றால் பி.ஏ.வுக்குப் பின் பி.எட்., அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வான 'டெட்' இரண்டாம் தாள். மேல்நிலை வகுப்புக்கு எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுத வேண்டும். கல்லூரிக்கு நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. நெட் தேர்வின் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் நாடகம், கவிதை என்று பழைய பட்டியலோடு, இந்தியாவில் ஆங்கிலத்தின் வரலாறும் பண்பாட்டு ஆய்வும் தனி அலகுகளாக இருக்கின்றன. கைடு போதாத இடம் இது.

தகுதி எல்லாம் இருந்தும் நிரந்தரப் பணி கிடைக்காமல் கௌரவ விரிவுரையாளராகவே தலை நரைப்பவர்களையும் சொல்ல வேண்டும். இவர்களைப் போன்றோருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் சொன்னது. அந்தத் தொகையைக் கேட்டு தமிழக அரசுக் கல்லூரிகளில் பணியாற்றுபவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். 'கௌரவம்' என்ற சொல்லை இவ்வளவு மலிவாக வேறெங்கும் செலவழித்ததில்லை.

டி.என்.பி.எஸ்.சி. பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குரூப் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவிகிதம் எடுத்தால்தான் மற்ற விடைகளையே திருத்துவார்கள். மதிப்பெண் அள்ளலாம் என்று 'பார்ட் ஒன்'னில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்த நகரத்துப் பிள்ளைகள் சிலர் இங்கே வந்து விழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வெளியே அதிகம் பேசப்படாத ஒரு தொழில் சென்னையிலும் புதுச்சேரியிலும் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஐரோப்பிய, அமெரிக்கப் பதிப்பகங்களின் அறிவியல் இதழ்களுக்கும் நூல்களுக்கும் காப்பி எடிட்டிங், புரூஃப் ரீடிங், டைப்செட்டிங் வேலைகள் இங்கே நடக்கின்றன. என் வகுப்புத் தோழி ஒருத்தி அதில்தான் சேர்ந்தாள். சிறுநீரகம் பற்றிய கட்டுரை, கான்கிரீட் பற்றிய கட்டுரை, எதுவானாலும் அவள் மேஜைக்கு வரும். அவளுக்கு இரண்டும் தெரியாது. ஆனால் கட்டுரையில் 48 நோயாளிகள் என்றும் அட்டவணையில் 46 என்றும் இருந்தால் அவள் கண்ணில் பட்டுவிடும். ஓரத்தில் 'ஆத்தர் கொயரி' போட்டு, 'இரண்டில் எது சரி?' என்று பணிவாகக் கேட்பாள். ஜெர்மனியிலிருந்து பேராசிரியர் நன்றி எழுதுவார். "ஒரு கவிதையில யார் பேசுறா, எங்க குரல் மாறுதுன்னு கிளாஸ்ல நோண்டுவாங்களே, அதே வேலைதான்டா" என்றாள். பட்டம் நிஜமாகவே கற்றுத்தரக்கூடியது இதைத்தான். அவசரப்படாமல் படிக்கிற கண்.

மென்பொருள் நிறுவனங்களில் பயனர் கையேடு எழுதும் டெக்னிக்கல் ரைட்டர், இ-லேர்னிங் பாடம் வடிவமைப்பவர், இதழியல் பட்டயம் முடித்துச் செய்தித்தாளுக்குப் போகிறவர் எல்லோருக்கும் மூலதனம் அந்தக் கண்தான். கால் சென்டரும் இருக்கிறது. பேச்சு சரளமாகும், நைட் ஷிப்ட் உடம்பைத் தின்னும். சொல்லுக்கு இவ்வளவு பைசா என்று கன்டென்ட் எழுதிப் பிழைத்த நண்பர்கள், எந்திரம் எழுதித்தருவதைத் திருத்தும் வேலைக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். இனி புதிதாக அதை நம்பி இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

என் கட்சி இதுதான்: ஆங்கிலம் படித்தவருக்கு மவுசு கூடுவது தமிழும் கையில் இருக்கும்போது. மைசூரில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்து, ஊர் ஊராக ஆங்கில ஆசிரியராக இருந்தவர் ஏ.கே.ராமானுஜன். சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடப்போய், சங்கப் பாடல் தொகுப்பு ஒன்றில் தடுக்கி விழுந்தார். குறுந்தொகைப் பாடல்கள் 1967-ல் அவர் ஆங்கிலத்தில் உலகைச் சுற்றின. பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் சென்னையிலும் ஆக்ஸ்போர்டிலும் ஆங்கிலம் படித்தவர். கவிஞர் நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி அடுப்பெரியாது என்பது உண்மைதான். ஆனாலும் சர்வதேச புக்கர் பரிசின் 50,000 பவுண்டில் சரிபாதி மொழிபெயர்ப்பாளருக்கு. 2025-ல் அந்தப் பாதி கன்னடக் கதைகளை மொழிபெயர்த்த தீபா பாஸ்திக்குப் போனது.

பரிசு மேடைக்கு வராத மொழிபெயர்ப்பும் உண்டு. நம் கீழமை நீதிமன்றங்களில் சாட்சி தமிழில் சொல்வார், உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். மேல்முறையீட்டுக்குப் போகும் வழக்கின் சாட்சியம், பத்திரம், உயில் எல்லாவற்றையும் யாரோ உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். அந்த 'யாரோ'வுக்கு எப்போதும் பற்றாக்குறை.

போன வருடம் மாமாவின் பூர்வீக நில வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. காகிதக் கட்டின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லிக்கொள்ளும் மனிதர், 'கசின்' என்ற சொல் வந்த இடமெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். இரவு போன் வந்தது.

"மருமவனே, இது எங்க சித்தப்பா மவனா, அத்தை மவனா? பங்கு கேக்கது ஒருத்தன், சாட்சி சொல்ல வந்தது இன்னொருத்தன். இதுல ரெண்டு பேருக்கும் ஒரே பேரு போட்டிருக்கே?"

தமிழ்ச் சாட்சியத்தையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.