பரீட்சை யாருக்கு?

மாசி மாதம் பிறந்துவிட்டால் ஸ்ரீமுஷ்ணத்தில் இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் பேச்சு. ஒன்று, பூவராகப் பெருமாள் மாசி மகத்தன்று சமுத்திர ஸ்நானத்துக்காகக் கிள்ளைக்கு எழுந்தருளுவது. கிள்ளைத் தர்க்காவைச் சேர்ந்த முஸ்லிம் அன்பர்கள் பெருமாளை எதிர்கொண்டு மரியாதை செய்யும் வைபவத்தைக் காண, சுற்று வட்டாரத்துக் கிராமங்களெல்லாம் திரண்டு போகும். மற்றொன்று சர்க்கார் பரீட்சை. பத்தாவது வகுப்பிலோ பன்னிரண்டாவது வகுப்பிலோ பிள்ளை இருக்கும் வீட்டில், வீதியில் நாதஸ்வர சப்தம் கேட்டவுடனே தாயார் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறாள். பெருமாளே வாசலுக்கு வந்தாலும், "இப்போது வேண்டாம் ஸ்வாமி, பையன் படிக்கிறான்" என்று சொல்லிவிடுவாள் போலிருக்கிறது!

இப்படிப்பட்ட வீடுகளைப் பார்க்கும்போது, பரீட்சை எழுதப் போவது பிள்ளையா, பெற்றோரா என்ற சந்தேகம் நமக்கு உண்டாகிறது. தகப்பனாருக்குத் தூக்கமில்லை. பாட்டி உபவாசம் இருக்கிறாள். தொலைக்காட்சிப் பெட்டிக்குத் துணி போர்த்தியாகிவிட்டது. இத்தனை தியாகங்களையும் வீட்டார் அவ்வப்போது வாய்விட்டுச் சொல்லியும் காட்டுகிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் பாடப் புத்தகத்தின் பாரம் போதாதென்று, இந்தக் கடன் பாரமும் ஏறிவிடுகிறது.

விளையாட்டாகப் பேசிவிட்டு நகர்ந்துவிடக் கூடிய விஷயமல்ல இது. ஸ்ரீமுஷ்ணத்துக்கு வெகு தூரத்தில் இல்லாத அரியலூர் ஜில்லாவில் குழுமூர் என்று ஒரு கிராமம். அவ்வூரைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவரின் மகளான அனிதா, 2017-ஆம் வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் 1200-க்கு 1176 மார்க்கு வாங்கினார். மருத்துவக் கல்லூரிக்கு அந்த மார்க்கு செல்லாது, அகில இந்திய நுழைவுப் பரீட்சையின் மார்க்கே செல்லும் என்று ஆனபோது, சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று வாதாடினார். பலிக்கவில்லை. அவ்வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்த நுழைவுப் பரீட்சை நியாயமா என்பது சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் பேச வேண்டிய வழக்கு. அந்தக் குடும்பத்தார்மீது குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆனால், நன்றாகப் படிக்கிற குழந்தையைப் பற்றிக் கவலையில்லை என்று பெற்றோர் பலர் எண்ணியிருக்கிறார்களே, அது எவ்வளவு பெரிய தவறு என்பதை அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் நாம் உணராமல் இருக்கலாகாது. முதல் மார்க்கு வாங்கும் பெண்ணுக்கும் பயம் உண்டு. சில சமயங்களில் அவளுக்குத்தான் அதிகம்.

கும்பகோணத்தில் நடந்த இன்னொரு கதை இருக்கிறது. சாரங்கபாணி சந்நிதித் தெருவில், துணிக்கடைக் குமாஸ்தா ஒருவரின் வீட்டுப் பிள்ளை 1904-ல் உபகாரச் சம்பளத்துடன் காலேஜில் சேர்ந்தான். கணக்கைத் தவிர வேறொன்றிலும் அவனுக்கு மனம் செல்லவில்லை. உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-ல் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விசாகப்பட்டணத்துக்குப் போய்விட்டான். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, எப்.ஏ. பரீட்சையில் 1906-லும் தேறவில்லை. மறு வருஷமும் தேறவில்லை. அந்தப் பிள்ளைதான் 1918-ல் ராயல் சொஸைடி அங்கத்தினரான கணித மேதை ராமானுஜன் என்பதை நேயர்கள் ஊகித்திருப்பார்கள்.

தோற்றவர்களெல்லாம் ராமானுஜன் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல இந்தக் கதையை எடுக்கவில்லை. ஆயிரத்தில் ஒருவர்கூட ஆகமாட்டார்கள். நம் மனத்தைக் கவர்வது வேறு. இரண்டு முறை தோற்றுவிட்டு வேலையும் இல்லாமல் இருந்த அந்த வாலிபனுக்கு வீட்டில் சோறு நிற்கவில்லை. அவன் கணக்கில் மூழ்கியிருக்கும்போது, யோசனை கலையாமல் இருப்பதற்காகச் சோற்றைப் பிசைந்து கவளம் கவளமாகக் கையில் வைப்பார்கள் என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தாயார் கோமளத்தம்மாளுக்கு அந்தக் கணக்கு விளங்கியிருக்க நியாயமில்லை. பிள்ளை விளங்கினான், அது போதுமாயிருந்தது.

"எனக்குப் படிப்பு வராது, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பேன்?" என்று ஏங்கும் பெற்றோர் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமங்களில் அநேகர். பரீட்சை வரும் காலமோ கரும்பு வெட்டும் காலம். முந்திரித் தோப்புகளிலும் வேலை இருக்கும். அவர்களுக்கு ஆறுதலான ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் 2006-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பாடத்தை இரண்டு தடவை படித்தார்கள். மற்றொரு சாரார் ஒரு தடவை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு தடவை படித்தவர்களுக்கு நூற்றுக்கு 81 பங்கு ஞாபகம் இருந்தது; மற்றவர்களுக்கு 75. ஆனால் ஒரு வாரம் சென்றதும் நிலைமை தலைகீழாயிற்று. திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 42 பங்குதான் மிஞ்சியது. மூடிவைத்து எழுதியவர்களுக்கோ 56.

ஆகவே, எழுத்தறியாத தாயாரும் வாத்தியார் ஆகலாம். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டே, "இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு, பார்க்கலாம்" என்று கேட்டால் போதும். வரிக்கு வரி ஒப்பிக்கச் சொல்வதல்ல இது. சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்வது. இலை எப்படி ஆகாரம் தயாரிக்கிறது என்பதை அம்மாவுக்கு விளக்கத் தெரிந்த பெண், வினாத்தாளைக் கண்டு திகைக்கமாட்டாள். சொல்லும்போது எங்கே தடுமாறுகிறாளோ, அந்த இடத்தைத்தான் மறுபடி படிக்க வேண்டும் என்பதும் அவளுக்கே தெரிந்துவிடும்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிப்பது நம் பெரியோர் வகுத்த நல்ல வழக்கம். ஆனால் அந்தப் பெரியோர்கள் எட்டு மணிக்கே படுத்தார்கள் என்பதை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு எட்டு மணி முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டுமென்பது வைத்தியர்களின் கருத்து. பகலில் படித்தது மூளையில் ஊன்றுவதும் தூக்கத்தில்தான். இரவு பதினொன்று வரை விழிக்கச் செய்து, நான்கு மணிக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினால், படித்ததில் பாதியைத் தண்ணீரோடு கழுவி விடுகிறோம்.

பரீட்சைத் தினத்தன்று பெற்றோருக்கு உள்ள வேலை சொற்பம். வழக்கமான இட்லியைக் கொடுத்து, அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்து, முதல் பஸ் தவறினாலும் அடுத்த பஸ்ஸில் போய்ச் சேரும்படி முன்னதாகவே அனுப்பினால் சரி. பத்து மணிக்கு வினாத்தாள் கைக்கு வந்ததும், அதைப் படிப்பதற்கென்றே பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தை நிதானமாக உபயோகிக்கும்படி சொல்லி வைக்கலாம். மத்தியானம் வெளியே வரும் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலிலேயே மறித்துக்கொண்டு, "எத்தனைடா வரும்?" என்று விசாரணை நடத்துகிறார்களே, அதைப் போல் உபயோகமற்ற காரியம் வேறொன்று இல்லை. எழுதியது எழுதியதுதான். நாளை மறுநாள் கணக்குப் பரீட்சை இருக்கிறது.

பெண் குழந்தைகளிடம் சொல்லப்படும் ஒரு பேச்சை நாம் கடுமையாகவே ஆட்சேபிக்கிறோம். "தேறாவிட்டால் மாப்பிள்ளை பார்த்துவிட வேண்டியதுதான்" என்பது அந்தப் பேச்சு. சில வீடுகளில் அது வேடிக்கை. சில வீடுகளில் நிஜம். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு விவாகம் செய்வது சட்டவிரோதம் என்பது ஒரு புறமிருக்க, விவாகத்தைத் தண்டனையாகக் காட்டியும் படிப்பைத் தப்பும் வழியாகக் காட்டியும் அந்தக் குழந்தைக்கு நாம் எதைக் கற்பிக்கிறோம்?

முன்னெல்லாம் பரீட்சை முடிவைப் பத்திரிகையில் பார்க்க வேண்டும். நம்பர்களின் வரிசையில் தன் நம்பர் இல்லாத பையனுக்கு, பத்திரிகை ஊருக்கு வந்து சேரும் வரையிலாவது அவகாசம் இருந்தது. இப்போது கைப்பேசியில் ஒரே நிமிஷத்தில் பெற்றோருக்கும் மாமாவுக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிடுகிறது. மாநிலத்தில் முதல், இரண்டாவது என்று இடம் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2017-லேயே நிறுத்திவிட்டது. நம் தெருக்களில் மட்டும் அது இன்னும் நிற்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் விருந்தினரிடம் மார்க்கைப் பற்றிப் பேசவேண்டாமென்று தகப்பனார் வாசலிலேயே சொல்லிவிடலாம். ஒரு பாடத்தில் 35 மார்க்குக்குக் குறைந்தவர்களுக்கு, சில வாரங்களிலேயே துணைப் பரீட்சை நடக்கிறது. அதில் தேறினால் அந்த வருஷமே மேலே படிக்கலாம். மனு செய்யவேண்டிய தேதியை முடிவு வருமுன்பே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பிள்ளை சாப்பிடாமலும் பேசாமலும் மூலையில் உட்கார்ந்திருந்தால், அன்றிரவு அவனைத் தனியே விடாதீர்கள். மன நலத்துக்காக இந்திய சர்க்கார் 2022-ல் ஏற்படுத்திய 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக யோசனை கேட்கலாம், தமிழிலும் பேசலாம். அதில் பெற்றோரும் பேசலாம்.